குளிர் வராத வருஷத்து மாவடு

அந்த வருஷம் புனே பக்கத்துத் தேஹு ரோட்டுக்குக் குளிர் வரவே இல்லை. தீபாவளி முடிந்த கையோடு ஒருநாள் விடியற்காலையில் எட்டிப் பார்த்தது. என்ன தோன்றியதோ, அப்படியே திரும்பிப் போய்விட்டது. ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் ரஜாய்ப் போர்வைகள் டிரங்குப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஸ்வெட்டர் விரித்து உட்காருகிறவர்கள் டிசம்பர் பாதியிலேயே மூட்டையைக் கட்டினார்கள். பத்மநாபன் ஒவ்வொரு நவம்பரிலும் தலையில் ஏற்றி ஹோலிக்குத்தான் இறக்குகிற குரங்குக் குல்லா, இந்த முறை ஒரு நடை போய் வருவதற்குள் வியர்வையில் ஊறிக் கொடிக்குப் போய்விட்டது.

மனிதர்கள் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். மரங்கள் புலம்பவில்லை, வேலையைப் பார்த்தன. சங்கராந்திக்கு முன்பே குயில் கத்தத் தொடங்கிற்று. ஹோலி சமயத்தில் சிவக்க வேண்டிய புரசு ஜனவரியிலேயே மலையடிவாரத்தைச் சிவப்பாக்கிவிட்டது. பத்மநாபன் வீட்டுப் பின்பக்கத்து மாமரமோ மார்கழி முடிவதற்குள் பூத்துத் தள்ளிவிட்டு, பிப்ரவரி பிறந்ததும் காயோடு நின்றது.

பத்மநாபன் டிப்போவில் கணக்குப் பிரிவில் சூப்பிரண்டு. நல்ல மனிதர். ஆனால் இது அவரைப் பற்றிய கதை அல்ல, அவர் மனைவி ருக்மிணியைப் பற்றியது. ருக்மிணி ஒரு திருடி.

சட்டென்று தப்பாக நினைத்துவிட வேண்டாம். காய்கறிக்காரன் ஞாபகப் பிசகாக ஒரு கொத்தமல்லிக் கட்டைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் அவன் வண்டி பின்னாலேயே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிற பெண்மணி அவள். அவள் திருடியதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் மாவடு மட்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் மாவடு எங்கே கிடைக்கும் என்று மண்டியில் விசாரித்துப் பார்த்தாள். கைப்பிடி அளவு பச்சை மாங்காயை எடுத்து நீட்டினார்கள். இல்லை, இத்தனூண்டு என்று விரல் நுனியைக் காட்டினாள். பிஞ்சைப் போய் யாராவது பறிப்பார்களா என்று கடைக்காரர் அவளைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார். அன்றைக்கே ருக்மிணிக்குப் புரிந்துவிட்டது, இந்த ஊரில் மாவடு என்பது வாங்குகிற பொருள் இல்லை என்று.

குவார்ட்டர்ஸ் மாமரங்களை வருஷா வருஷம் பிப்ரவரியில் ஏலம் விடுவார்கள். எஸ்டேட்டில் உள்ள மரம் மொத்தத்தையும் எடுப்பவர் சுனில் சேட். ஏலம் முடிந்ததும் வந்து மரங்களைப் பார்த்து, எங்கெங்கே காவலுக்கு ஆள் வேண்டுமோ அங்கங்கே போட்டுவிட்டுப் போவார். ருக்மிணி வீட்டுப் பின்பக்கத்து மரத்துக்கு எப்போதும் கேஷவ்தான். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைக் குல்லாய், கழுத்தில் கயிறு கட்டிய விசில், பிளாஸ்டிக் நாற்காலி. மற்ற மாதங்களில் பஜார் குடோனில் வெங்காய மூட்டை தூக்குகிறவர். மூட்டை தூக்கித் தூக்கி அவர் இடுப்பு கேள்விக்குறியாக வளைந்திருந்தது. மாங்காய்ப் பருவம் வந்தால்தான் அந்த இடுப்புக்கு உட்காரக் கிடைக்கும்.

வடு திரளும் மார்ச்சில் கேஷவ் மரத்தடியில் இருப்பார். ருக்மிணியும் இருப்பாள். அவள் உலர்ந்த துணியையே வாளியில் போட்டு எடுத்து வந்து மறுபடி காயப்போடுவாள். துணிக்கடியில் துறட்டி இருக்கும். ஒரு வருஷம் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் மரத்தடியில் மயங்கி விழுந்து காட்டினாள். கேஷவ் தண்ணீருக்கு ஓடிய நேரத்தில் ருக்மிணி கிளையை வளைத்துவிட்டாள். அடுத்த வருஷம் அந்தோணியம்மாள் மயங்குவதற்காக வந்து சேர்ந்தபோது, கேஷவ் சொம்பில் தண்ணீரோடு தயாராக நின்றிருந்தார். அவளும் வந்ததற்குக் குடித்துவிட்டுப் போனாள்.

விசில் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டு ஓடிவந்துவிட வேண்டும் என்பது இந்தத் திருட்டின் முறை. கேஷவ் ஊதுவார், "சோர், சோர்" என்று, அதாவது திருடன் திருடன் என்று, மராத்தியில் நாலு வார்த்தை சேர்த்துக் கத்துவார். மடி நிறைந்த பிறகுதான் அந்த விசில் கேட்கும். அதைத் தன் சாமர்த்தியம் என்றே ருக்மிணி பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள். வடு ஊறியதும் ஒரு பாட்டில் அவர் கைக்குப் போகும், கடையில் வாங்கியது என்று சொல்லி. கேஷவ் அதை பாக்ரி ரொட்டியோடு தின்றுவிட்டு, "கடைச் சரக்கு இந்த வருஷம் நல்லா இருக்கு, வஹினி" என்பார். வஹினி என்றால் அண்ணி. ருக்மிணி தன் பங்குக்கு அவரைக் கேஷவ் பாவு, அதாவது கேஷவ் அண்ணன், என்பாள். அவளுடைய இந்தியில் பாதி தமிழ், அவருடைய இந்தியில் பாதி மராத்தி. இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு முழுச் சண்டைக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வெளியே ருக்மிணிக்கென்று சொந்தமாக இருந்த சண்டை அது ஒன்றுதான். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இந்த வருஷம்தான் எல்லாம் தலைகீழாயிற்று. பிப்ரவரி முதல் வாரத்தில் கொடியில் உண்மையாகவே ஈரமான துணியை உலர்த்திக்கொண்டிருந்தபோது தலையில் ஏதோ பொட்டென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வடு. நெல்லிக்காய் பருமன், காம்பில் பால் கசிகிறது, முகர்ந்தால் மூக்கில் ஏறுகிறது. பழக்கதோஷத்தில் அதைச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். நாற்காலி இல்லை. ஏலம் இன்னும் நடக்கவே இல்லையே.

அன்று மத்தியானம் பத்மநாபன் சாப்பிட வந்தபோது ருக்மிணி கேட்டாள்.

"ஏன்னா, ஏலம் விடறதுக்கு முன்னாடி அந்த மரத்துக் காய் யாருக்குச் சொந்தம்?"

பத்மநாபனிடம் சட்டம் கேட்டால் சாதம் ஆறிவிடும். அவர் விலாவாரியாக யோசித்துச் சொன்னார். "ஏலத்துக்கு முன்னாடின்னா, குடியிருக்கறவா ஆத்து உபயோகத்துக்குப் பறிச்சுக்கலாம். தாராளமாப் பறிச்சுக்கலாம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"அப்போ அது திருட்டு இல்லையா?"

"இல்லவே இல்லை."

ருக்மிணியின் முகம் கொஞ்சம் வாடியது. பத்மநாபன் அதைப் பார்க்கவில்லை, மோர் விட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பட்டப்பகலில் மூன்று பேர் மரத்தடிக்குப் போனார்கள். ருக்மிணி, அந்தோணியம்மாள், அந்தோணியம்மாளின் மருமகள் ஜெனிபர். ஜெனிபர் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைச் சூடான பாத்திரம் போலப் பார்த்துப் பார்த்துத்தான் கையில் எடுப்பாள். முக்காலி போட்டுக்கொண்டு, சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு பறித்தார்கள். அந்தப் பக்கமாகப் போன செக்யூரிட்டி ஆபீசர்கூட நின்று, என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அங்கேதான் தப்பு நடந்தது. இத்தனை வருஷமும் எப்போது நிறுத்துவது என்பதைச் சொன்னது கேஷவின் விசில். அந்த விசில் இல்லாமல் எத்தனை பறிப்பது என்று அந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஊதுவார் ஊதுவார் என்று காது ஒரு பக்கம் காத்துக்கொண்டே இருந்தது, கை பறித்துக்கொண்டே இருந்தது. துறட்டி எட்டிய வரை மரம் மொட்டை. துறட்டி எட்டாத உச்சியை அடுத்த ரெண்டு நாளில் கிளிகள் பார்த்துக்கொண்டன.

ருக்மிணி வடுவை அலம்பித் துடைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி, கல்லுப்பு போட்டு ஜாடியில் குலுக்கி வைத்தாள். அந்தோணியம்மாள் அவசரக்காரி, பறித்த அன்றைக்கே மிளகாய்ப்பொடியையும் சேர்த்துவிட்டாள். ஜெனிபர் தன் பங்கை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, எப்படிச் செய்வது என்று போனில் வீடியோ தேடிக்கொண்டிருந்தாள். இத்தனை பெரிய ஜாடி ருக்மிணி வீட்டில் நிறைந்ததே இல்லை. விமான் நகரிலிருந்து மகன் கௌஷிக் போன் செய்து எனக்கு ரெண்டு பாட்டில் என்று சொல்லியும் வைத்தான். ஆனாலும் ருக்மிணிக்குச் சந்தோஷமாக இல்லை. ஓடாமல் கிடைத்த வடு என்னவோ சந்தையில் வாங்கின மாதிரி இருந்தது.

ஏலம் முடிந்த அன்று சாயங்காலம் கேஷவ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். குல்லாயைத் துவைத்துப் போட்டிருந்தார். பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்தார். 

"வஹினி, காய் எங்கே?" என்றார்.

"கிளி" என்றாள் ருக்மிணி.

கேஷவ் ஒரு கிளையைத் தாழ்த்தி, காம்பு ஒடிந்த இடங்களைத் தடவிப் பார்த்தார். "கிளி துறட்டி வச்சிருந்துதா?"

 அவர் கத்துவார், தானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம் என்று ருக்மிணி காத்திருந்தாள். கேஷவ் கத்தவில்லை.

"நாளைக்கு மத்தியானம் சேட் வர்றார், வஹினி. எந்த மரத்துக்கு ஆள்னு பார்த்துச் சொல்லுவார். மெயின் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒட்டு மரத்துக்கெல்லாம் காவலுக்கு ஸ்டீபன் இருக்கான். இங்க காய் இருந்தாத்தான் எனக்கு வேலை. பரவாயில்லை. குடோன்ல சொல்லிட்டு வந்தேன், வரமாட்டேன்னு. திரும்பி வர்றேன்னு போய்ச் சொன்னா சேத்துப்பாங்க."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். டீ போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ருக்மிணிக்கு வெட்கமாக இருந்தது. வருஷா வருஷம் திருடியபோது ஒருநாளும் வராத வெட்கம், நியாயமாகப் பறித்த வருஷத்தில் வந்தது. அந்த மனிதருக்கு உட்காரக் கிடைப்பது வருஷத்தில் அந்த மூன்று மாதம்தான். அதையும் அவள் ஜாடியில் போட்டு உப்புப் போட்டு மூடிவிட்டாள். ராத்திரி சாப்பாட்டின்போது பத்மநாபனிடம் சொல்லி அழாத குறையாகப் புலம்பினாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலை ருக்கு. ரூல்படி பார்த்தா..."

"அந்த ரூலைக் கொண்டுபோய்க் கேஷவ் இடுப்புல தடவுங்கோ" என்றாள் ருக்மிணி. 

மறுநாள் காலை டிப்போ சங்கு ஊதி ஆண்பிள்ளைகள் போனதும் அந்தோணியம்மாள் வீட்டில் ஆலோசனை நடந்தது.

"என்னத்தச் செய்ய மாமி" என்றாள் அந்தோணியம்மாள். "சேட்டுகிட்ட போய்க் கால்ல விழலாம்னா, அந்தாளு காயில்லாத மரத்துக்கு ஆள் போடவா போறாரு? பறிச்சதத் திரும்ப மரத்துல ஒட்டவா முடியும்?"

ருக்மிணி அவளை உற்றுப் பார்த்தாள். "ஒட்ட முடியாது. கட்டலாம்."

"என்னது?"

"நம்ம ரெண்டு பேரும் பிறந்ததிலேருந்து என்ன கட்டிண்டிருக்கோம்? பூ கட்டத் தெரிஞ்ச கைக்கு வடு கட்டத் தெரியாதா? ஜெனி, பச்சை நூல் இருக்காடி ஆத்துல?"

ஜெனிபர் நூல்கண்டோடு ஃபிரிட்ஜ் டப்பாவையும் கொண்டுவந்தாள். அதில் இருந்தவை மட்டும்தான் பச்சைக் குழந்தையாக, பறித்த அன்று போலவே இருந்தன. ஆனால் ஒரு கிளைக்குக்கூடக் காணாது. அந்தோணியம்மாளின் வடு மிளகாயில் சிவந்து கிடந்தது. அதைக் கட்டினால் மரத்துக்கு வைசூரி என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான். மிச்சம் இருந்தது ருக்மிணியின் ஜாடி.

ஜாடியின் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். வடு லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் எண்ணெயும் உப்பும் போகக் கழுவியாக வேண்டும். இந்தப் பதத்தில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான், பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் எதற்கும் உதவாது. இது தெரியாதவளா ருக்மிணி? ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டதற்காக ஒருமுறை கட்டின புருஷனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். தெரிந்தேதான் ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் கவிழ்த்தாள். கௌஷிக்கின் ரெண்டு பாட்டிலும் அதோடு போயிற்று. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தோணியம்மாள் குழாயைத் திறந்துவிட்டாள்.

மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்து கொத்துக்கொத்தாகக் கட்டினார்கள். அந்தோணியம்மாளின் விரல் பழக்கத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. சற்று நேரத்தில் அவள் மடியில் ஒரு முழம் நீளத்துக்கு வடு நெருக்கமாகச் சேர்ந்திருந்தது.

"அந்தோணி, மாலை கட்டாதே. இது மரம், கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் காய்க்கும்."

ஜெனிபர் முக்காலியில் ஏறிக் கிளையில் கட்டினாள். அவள் கட்டிய முதல் கொத்து தலைகீழாக நின்றது.

"காம்பு மேலடி கண்ணு, காம்பு மேல."

"ஆன்ட்டி, யே தோ சீட்டிங் ஹை நா?" என்றாள் ஜெனிபர் முக்காலியிலிருந்து.

"சீட்டிங் இல்லைடி. வாங்கின சாமானைத் திருப்பிக் குடுக்கறோம். கடையில பண்றதில்லையா?"

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பத்மநாபனையும் விடவில்லை. முக்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் பிடித்துக்கொண்டு, இதற்கெல்லாம் பெயர் போர்ஜரி என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கிளையில் இன்னும் ரெண்டு வேண்டும், ஒரு பக்கம் காலியாகத் தெரிகிறது என்றும் சொன்னார். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் மனசு நிற்கும்.

பார்க்கிறதற்கு நன்றாகவே இருந்தது. உச்சி மொட்டை, அடிக்கிளைகளில் மட்டும் காய் குலுங்குகிறது. அதிலும் பாதி எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போகாமல் வெயிலில் மினுமினுத்தது. கடவுள் மாமரம் படைக்கிற நாளில் கொஞ்சம் அவசரத்தில் இருந்தால் இப்படித்தான் படைத்திருப்பார்.

சுனில் சேட் பைக்கில் வந்தார், பின்னால் கேஷவ். சேட் ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு, மாங்காயைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத சுபாவம். ருக்மிணி வாளியோடு கொடியருகே நின்றாள். அந்தோணியம்மாளும் ஜெனிபரும் படியில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மநாபனுக்கு ஆபீஸ் நேரம் ஆகிவிட்டிருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

சேட் மரத்தைச் சுற்றி வந்தார். "இந்த வருஷம் பருவம் தப்பிப் பூத்தது எல்லாம் உதிர்ந்துபோச்சுன்னாங்க. இதுல காய் நிக்குதே" என்றார் மராத்தியில். "என்ன கேஷவ், எப்படி இருக்கு?"

கேஷவ் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பார்வைதான். நேற்று மொட்டையாக நின்ற கிளையை இன்று காயோடு பார்த்தார். பச்சை நூலைப் பார்த்தார். பிறகு ருக்மிணியைப் பார்த்தார். அவள் வாளியில் கிடந்தது அத்தனையும் உலர்ந்த துணி. கேஷவின் உதடு துடித்தது. அது சிரிப்பா அழுகையா என்று ருக்மிணிக்கு அப்போது தெரியவில்லை.

"பர்பூர், சேட்" என்றார் கேஷவ். நிறைய என்று அர்த்தம். சேட்டிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

சேட் பழக்கப்பட்ட கையால் ஒரு காயைத் திருகினார். வரவில்லை. மாங்காய்ப் பிஞ்சு இத்தனை பிடிவாதம் பிடித்து அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். ஒரு காயோடு இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று ஒரு முழம் சரம் சரசரவென்று உருவிக்கொண்டு அவர் தோளில் வந்து விழுந்தது. அந்தோணியம்மாள் கடைசிவரை மாலைதான் கட்டியிருந்தாள்.

 சேட் தோளில் கிடந்த மாலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்து ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக் கடித்தார். மென்றார். அவர் புருவம் மெதுவாக மேலே போயிற்று.

"கேஷவ்" என்றார். "மரத்துக்கு யார் உப்பு போட்டது?"

ருக்மிணி வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவளுக்குத் தெரிந்த இந்தி எல்லாம் அந்த நேரத்தில் எங்கோ ஓடிவிட்டது.

"சேட்ஜி, சோர் ஹம். கேஷவ் பாவு நை சோர்" என்றாள். அதற்கு மேல் இந்தி வராமல் தமிழிலேயே கொட்டினாள். "நாங்கதான் பறிச்சோம். மொத்தமும் நாங்கதான். அவர் வேலை போயிடப்படாதுன்னு கட்டினோம். எங்களை என்ன வேணாலும் சொல்லுங்கோ, அவரை மட்டும் நிறுத்திடாதீங்கோ."

ஜெனிபர் எழுந்து வந்து அதை மராத்தியில் சொன்னாள். தமிழில் தடுக்குகிற பெண் மராத்தியில் வெள்ளமாகப் பேசினாள். பேச்சோடு பேச்சாகத் தன் மாமியார் மயங்கி விழுந்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். சேட் கேட்டுக்கொண்டே இரண்டாவது வடுவையும் மென்றார். மூன்றாவதையும் பிய்த்தார். அந்தோணியம்மாள் உள்ளே ஓடிப்போய்த் தன் சிவப்பு வடுவைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, தண்டனையைக் குறைக்கிற மாதிரி பக்கத்தில் வைத்தாள். சேட் அதிலும் ஒன்று எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று எடுத்தார்.

"இந்த மரத்துல காவல் காக்க ஒண்ணுமே இல்லை" என்றார் கடைசியில், விரலை நக்கிக்கொண்டே.

கேஷவ் தலையைக் குனிந்துகொண்டார். 

"ஆனா கேட்டுக்கு அந்தப் பக்கம் என் ஒட்டு மரமெல்லாம் இப்பத்தான் பிஞ்சு விடுது. உப்பு போட்டு, நூல் கட்டி, மயங்கி விழுந்து காட்டுற மூணு பொம்பளைங்க இந்தப் பக்கம் இருக்காங்க. நான் எந்த நம்பிக்கையில ராத்திரி தூங்குறது?" சேட் கேஷவின் பக்கம் திரும்பினார். "நாற்காலியை மரத்தடியில போடாதே. இந்த வஹினி வீட்டு வாசல்ல போடு. மரத்தைப் பார்த்துக்க வேண்டாம், இவங்களைப் பார்த்துக்கோ. எங்க போனாலும் பின்னாலயே போ. பருவம் முடியற வரைக்கும் கண்ணை எடுக்காதே. அதே சம்பளம்."

பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு, ஞாபகம் வந்தவராக ருக்மிணியிடம் இந்தியில் சொன்னார். "இந்தச் சிவப்புச் சாமான் எனக்கு ஒரு பாட்டில் வேணும். பெரிய பாட்டில்." பத்மநாபன் அப்போதுதான் ஆபீஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலை ருக்மிணி பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது கேஷவ் வாசலுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இத்தனை நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"என்ன கேஷவ் பாவு, ஆராமா உக்காந்தாச்சா?"

"டியூட்டி, வஹினி" என்றார் அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கமாண்டண்டுக்கு வாசலில் காவல் உண்டு, அடுத்தபடியாகப் பத்மநாபன் பெண்டாட்டிக்குத்தான் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். பத்மநாபனுக்கு அவமானமாக இருந்தது. ருக்மிணிக்கும் அவமானம்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கறிகாய் வாங்கப் போகும்போது முன்னைவிட நல்ல புடவையாகப் பார்த்து உடுத்தினாள். பின்னாலேயே கேஷவ் வருவார். வெறுமனே வருவானேன் என்று அவள் வெங்காயப் பையைக் கொடுத்தால், "வெங்காயம் மட்டும் வேண்டாம் வஹினி, பார்த்துச் சலிச்சுப்போச்சு" என்று தக்காளிப் பையை வாங்கிக்கொள்வார். வழி நெடுக இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். முன்பெல்லாம் மார்ச்சில் கொஞ்ச நேரம் கிடைத்த சண்டை இப்போது நாள் முழுதும் கிடைத்தது. ருக்மிணி சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

ஒரே ஒரு கவலைதான் மிச்சம். அந்தோணியம்மாள் வீட்டு வடுவை அவர்களே தின்று தீர்த்துவிட்டார்கள். ருக்மிணியின் ஜாடி அலம்பிக் கவிழ்த்து வைத்திருந்தது. மார்ச் பாதியில் ஒரு மத்தியானம், கேஷவுக்கு டீயைக் கொடுத்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள்.

"சேட் பாட்டில் கேட்டார் பாவு. எதை வச்சுப் போடறது?"

கேஷவ் டீயை ஊதி ஊதிக் குடித்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "கேட்டுக்கு அந்தப் பக்கம் கடைசி மரத்துல வடு திரண்டிருக்கு. ஸ்டீபன் இப்பச் சாப்பிடப் போற நேரம்."

ருக்மிணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அது சேட் மரமாச்சே. திருட்டு இல்லையா?"

"திருட்டுதான்" என்றார் கேஷவ் திருப்தியாக.

"நீங்க என்னைப் பிடிக்க வேண்டாமா?"

"பிடிக்கச் சொல்லலை வஹினி. நீங்க எங்க போனாலும் பின்னாலயே போகச் சொல்லியிருக்கார். நீங்க போனா நான் வந்துதானே ஆகணும்." அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்.

ருக்மிணி உள்ளே போய் அந்தோணியம்மாளுக்குச் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவளுடைய காவல்காரர் இரண்டடி பின்னால், கண்ணை எடுக்காமல் நடந்து வந்தார்.